அடித்தலுக்குப் பக்கத்தில் ஓர் ஒப்பம்

மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்கள் இரண்டு விஷயங்களில் உஷாராக இருப்பார்கள். பெயர் போடமாட்டார்கள், கையால் எழுதமாட்டார்கள். கணக்கு டீச்சரைப் பற்றி ஆசிரியர் உரிம வாரியத்துக்கு எழுதிப்போட்ட புண்ணியவானும் அப்படியே செய்திருந்தார். வாரியம் நோட்டீஸோடு டீச்சருக்கு அனுப்பியிருந்த நகல் எங்கள் முன்னால் கிடந்தது: கம்ப்யூட்டரில் அடித்த பத்து வரி. அடியில் ‘உண்மை விரும்பி’.

“இந்த உண்மை விரும்பிக்கு வேற வேலையே கிடையாதா?” என்றேன். “என் கடைக்குக் காப்பி எடுக்க வர்ற மொட்டைக் கடுதாசியில பாதி இவர் எழுதினதுதான்.”

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. அவள் அண்ணனைக் கட்டினாள், நான் தம்பியைக் கட்டினேன். எங்களை எலியும் பூனையுமாக ஆக்கிவிட எங்கள் மாமியார் எவ்வளவோ பாடுபட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. அக்கா பொதுத்தேர்வுப் பறக்கும் படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். காலுறைக்குள் ஒளித்த பிட்டை, ஆளின் முகத்தைப் பார்த்தே எடுத்துவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகு என் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஊரார் சிக்கலை அவிழ்க்கிறாள். ‘ஜெராக்ஸ், லேமினேஷன், துப்பறிதல்’ என்று போர்டு எழுதிவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். முதலில் லேமினேஷனைக் கோணாமல் செய் என்றாள்.

எதிரே கணக்கு டீச்சரும் அவர் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் வேறொரு பள்ளியில் கெமிஸ்ட்ரி சார். மனைவிக்குத் தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூடத் தானே திறந்து கொடுக்கிற ரகம். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் வீட்டுக்காரர் பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுப்பார்.

“இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை மேடம்” என்றார் டீச்சர். “உரிமத்தையே ரத்து பண்ணிடுவாங்க. இருபது வருஷ சர்வீஸ். அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் நான் சாக்பீஸைத் தொட முடியாது.”

விஷயம் இதுதான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆசிரியர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். தொண்ணூறு மணி நேரப் பயிற்சி, கைரேகை, போலீஸ் சரிபார்ப்பு, கடைசியாக ஓர் உறுதிமொழிப் படிவம். டீச்சர் நூற்றுப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி முடித்திருந்தார். மற்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வகுப்புகளில் இவர் மட்டும் குறிப்பு எடுத்திருப்பார். ஆனால் படிவத்தில் இந்த வருஷம் புதிதாகச் சேர்த்த பதினான்காம் கேள்வியில் வந்தது வினை. ‘எப்போதாவது காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டதுண்டா?’ பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை.

உண்டு. பத்தொன்பது வயதில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் இருந்தபோது. வினாத்தாள் ஒன்று காணாமல் போக, விடுதிப் பெண்கள் ஆறு பேரை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய்ச் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். மறுநாள் அலுவலக ஊழியர் ஒருவரின் மேசையில் வினாத்தாள் அகப்பட்டது. வழக்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

“நான் ‘ஆம்’னுதான் டிக் பண்ணேன். ஆனா வாரியத்துல இருக்கிற படிவத்துல ‘இல்லை’ன்னு இருக்காம். எப்படி மாறுச்சுன்னே புரியல. அதே வாரம் இந்தக் கடுதாசியும் போயிருக்கு, நான் மறைச்சுட்டேன்னு.”

“யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?” என்றாள் அக்கா.

“சரித்திர டீச்சர்.” யோசிக்கவே இல்லை. “என் ஸ்கூல்தான். அன்னிக்கு ஸ்டேஷன்ல உக்காந்த ஆறு பேர்ல அவளும் ஒருத்தி. எனக்கு வேற ஊர்ல தலைமையாசிரியர் போஸ்டிங் வந்திருக்கு. மாசக் கடைசிக்குள்ள உரிமம் கையில இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும். அடுத்த ஆள் அவதான். எல்லார் படிவத்தையும் வாங்கி அனுப்புற பொறுப்பும் அவகிட்டதான்.”

“அப்ப இதுல துப்பறிய என்ன இருக்கு?” என்றேன். “ஆளே பெட்டி படுக்கையைக் கட்டிட்டுக் கிளம்பி நிக்குது.”

கெமிஸ்ட்ரி சார் தொண்டையைச் செருமினார். “நானும் சொல்லிப் பார்த்துட்டேன் மேடம். யாருன்னு தோண்டி என்ன ஆகப்போகுது? தெரியாம டிக் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு எழுதிக் கொடுத்தா கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பாங்க, அதோட போயிடும். இவதான் கேக்க மாட்டேங்கறா.”

“செய்யாததுக்கு எதுக்குங்க மன்னிப்பு?” என்றார் டீச்சர்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு மணிக்கு வாரியத்தில் சந்திப்பதாகச் சொல்லி அக்கா இருவரையும் அனுப்பிவைத்தாள். அவர்கள் தலை மறைந்ததும் கடிதத்தை என் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

“நாலாவது வரி. என்ன தெரியுது?”

நாலாவது வரியில் ஸ்டேஷனுக்குப் போன தேதி. 17 என்று அச்சாகியிருந்ததைப் பேனாவால் அடித்து 19 ஆக்கியிருந்தார்கள். பக்கத்தில் கடுகளவில் ஏதோ கிறுக்கல்.

“பேனா உதறினது.”

“உதறின பேனா ஒரு கொக்கியைப் போட்டு, அதுக்குக் கீழே ரெண்டு புள்ளியும் வைக்குமா? இது சுருக்கொப்பம்.”

நான் வாயைப் பிளந்தேன். மொட்டைக் கடிதத்தில் ஒப்பமா? திருடப்போன வீட்டில் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டு வருகிற ஆளை நான் பார்த்ததில்லை.

“வேணும்னு போட்டது இல்ல” என்றாள் அக்கா. “விடைத்தாள் திருத்துறவங்களுக்கு ஒரு விதி உண்டு. போட்ட மார்க்கை அடிச்சு மாத்தினா, பக்கத்துல சுருக்கொப்பம் போடணும். போடலன்னா மெமோ. வருஷக்கணக்கா அப்படியே பழகின கை, எதை அடிச்சாலும் தானா ஒப்பத்தைப் போட்டுடும். மூளையைக் கேக்காது.”

“அப்ப உண்மை விரும்பி ஒரு வாத்தியார்.”

“விடைத்தாள் திருத்துற வாத்தியார். அவங்க எல்லாரும் மாதிரிக்கு ஒப்பம் போட்டுக் கொடுத்த பதிவேடு திருத்தும் முகாம்ல இருக்கு. கடையைச் சாத்து.”

*

முகாம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. ஜன்னல்களுக்கெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தார்கள். சணலால் கட்டிய விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே சிவப்புப் பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் முகாம் கிளார்க் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஸ்குவாட் அம்மா, உங்க மேல எனக்கு மரியாதையும் இருக்கு, பயமும் இருக்கு” என்றார் அவர். “ஆனா பதிவேட்டை வெளி ஆளுக்குக் காட்ட முடியாது. என் வேலை போயிடும்.”

அக்கா அடுத்த வழியை யோசிப்பதற்குள் இடைவேளை மணி அடித்தது. விரலெல்லாம் சிவப்பு மையோடு சரித்திர டீச்சர் வெளியே வந்தார். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

“உண்மை விரும்பி நீங்கதானே?” என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அக்கா என் இடுப்பில் கிள்ளினாள். சரித்திர டீச்சர் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அவளுக்கும் எனக்கும் ஆகாது. இருபது வருஷமா ஸ்டாஃப் ரூம்ல முகத்துக்கு நேரா சண்டை போடுறேன். அப்படிப்பட்டவ எதுக்கு மொட்டைக் கடுதாசி எழுதணும்? எழுதினா பேர், பதவி, போன் நம்பர் எல்லாம் போட்டுத்தான் எழுதுவேன்.”

“பதினாலாம் கேள்விக்கு நீங்க என்ன போட்டீங்க?” என்றாள் அக்கா.

“ஆம்னு. நானும்தானே அன்னிக்கு ஸ்டேஷன் பெஞ்சில உக்காந்தேன். அரைப் பக்கம் விளக்கம் கேட்டாங்க, கொடுத்தேன். பத்தே நாள்ல உரிமம் வந்துடுச்சு. அதுல மறைக்க என்ன இருக்கு?”

“அவங்க படிவம் உங்க கை வழியாத்தானே போச்சு?”

“எங்க போச்சு? அவகிட்ட போய்க் கேக்க எனக்கென்ன தலையெழுத்தான்னு விட்டுட்டேன். நேரா வாரியத்துலயே கொடுத்தாச்சுன்னு அங்கிருந்து லிஸ்ட் வந்தப்பதான் எனக்கே தெரியும்.”

அக்காவின் நெற்றி சுருங்கியது. சரித்திர டீச்சர் கிளார்க் பக்கம் திரும்பினார். “அண்ணே, பதிவேட்டை எடுங்க. என் ஒப்பத்தை நான் பார்க்கணும். இவங்க என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தா அதுக்கு நானும் பொறுப்பில்ல, நீங்களும் பொறுப்பில்ல.”

கிளார்க் கூரையைப் பார்த்துக்கொண்டே பதிவேட்டை நீட்டினார். சரித்திர டீச்சரின் ஒப்பம் ஒரு செங்குத்துக் கோடும் ஒரு வட்டமும். கொக்கியும் இல்லை, புள்ளியும் இல்லை. என் முகம் தொங்கிப்போனது. அவர் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தேன்.

அக்கா மட்டும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. பிறகு பதிவேட்டை மூடிக் கிளார்க்கிடம் கொடுத்தாள்.

“கிடைச்சுதா?”

“கிளம்பு” என்றாள்.

காரில் நான் மூன்று ஜோக் சொன்னேன். மூன்றும் எடுபடவில்லை.

“யாருன்னாவது சொல்லேன் அக்கா.”

“படிவத்தையும் பார்த்துட்டுச் சொல்றேன். அதுலயும் அந்தக் கொக்கி இருந்துடக் கூடாது.”

*

வாரியம் இரண்டாவது மாடியில். நீளமான வராந்தாவில் ஒரு மர பெஞ்சில் டீச்சரும் சாரும் காத்திருந்தார்கள். விசாரணைக்கு முன் தன் ஃபைலைப் பார்க்கிற உரிமை டீச்சருக்கு உண்டு என்பதால், அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டி நானும் அக்காவும் உள்ளே போனோம். பிரிவு எழுத்தர் படிவத்தை மேசையில் விரித்தார்.

பதினான்காம் கேள்வி. ‘ஆம்’ கட்டத்தில் நீல மையில் ஒரு டிக். அதைக் கறுப்பு மையால் அடித்து, ‘இல்லை’ கட்டத்தில் கறுப்பில் இன்னொரு டிக். பக்கத்தில் கடுகளவில் ஒரு கொக்கி, கீழே இரண்டு புள்ளிகள்.

“இது யாரோட ஒப்பம்?” என்றாள் அக்கா.

“திருத்தம் இருக்கு, பக்கத்துல ஒப்பம் இருக்கு. எல்லாம் முறைப்படிதான் இருக்கு மேடம்.”

“யாரோட ஒப்பம்னு கேட்டேன்.”

“அதெல்லாம் நாங்க பார்க்கறதில்ல. இருக்கான்னு மட்டும்தான் பார்ப்போம்.”

எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. டீச்சர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார், வேறொரு கை அதை அடித்திருக்கிறது, அடித்த கை தன் அடையாளத்தையும் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. “அக்கா, டீச்சர் தப்பிச்சுட்டாங்க!” என்று அவள் கையைப் பிடித்தேன். அக்கா கையை விடுவித்துக்கொண்டாள்.

வராந்தாவுக்கு வந்து டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள் அக்கா.

“படிவத்தைப் பூர்த்தி பண்ணிட்டு யார்கிட்ட கொடுத்தீங்க?”

“இவர்கிட்டதான். போற வழியில சரித்திர டீச்சர் வீட்டுல கொடுத்துடுறேன்னு சொன்னார். கொடுத்துட்டேன்னும் சொன்னார்.”

“அவங்க கைக்கு வரவே இல்லையாம். வாரியத்துலயே நேரா கொடுத்திருக்கு. கொடுக்கறதுக்கு முன்னாடி உங்க ‘ஆம்’ அடிபட்டிருக்கு. அடிச்ச இடத்துல ஒரு சுருக்கொப்பம். மொட்டைக் கடுதாசியிலயும் அதே ஒப்பம். திருத்தும் முகாம் பதிவேட்டுல, கெமிஸ்ட்ரி பக்கத்துல, ஏழாவது பேருக்கு நேராவும் அதே ஒப்பம்.”

சிவப்புப் பேனாவோடு மட்டும் வருகிற ஒப்பம் அது. வீட்டில் யார் சுருக்கொப்பம் போடுகிறார்கள்? கட்டிய மனைவிகூட அதைப் பார்த்திருக்க வழியில்லை. டீச்சர் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் மறுப்பார், கோபப்படுவார், எங்களைத் திட்டுவார் என்று டீச்சர் எதிர்பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். சார் தரையைப் பார்த்தார்.

“எட்டு மணி நேரப் பிரயாணம்” என்றார். “நீ பாட்டுக்குக் கிளம்பிப் போயிடுவ. நான் இங்க ஒண்டியா என்ன பண்றது? கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பாங்க, போஸ்டிங் வேற ஆளுக்குப் போயிடும், நீ வீட்டோட இருப்பன்னு நினைச்சேன். ரத்து வரைக்கும் போகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“அந்த ஸ்டேஷன் விஷயம் என் அம்மாவுக்கே தெரியாதுங்க” என்றார் டீச்சர். “கல்யாணத்துக்கு முன்னாடி உங்ககிட்ட மட்டும் சொன்னேன். நாளைக்கு வேற யாராவது சொல்லி நீங்க கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்.”

சார் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். டீச்சர் வாங்கவில்லை.

“போகாதேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் போயிருக்கவே மாட்டேனே.”

அந்தத் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி அந்த மனிதர் தலையில் கவிழ்க்கலாமா என்று பார்த்தேன். ஆனால் டீச்சர் அக்காவிடம் கேட்டது என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது.

“மேடம், இவர் பேர் வராம இதை முடிக்க முடியாதா?”

அக்கா முடியாது என்று தலையசைத்தாள். “ஒப்பம் யாரோடதுன்னு கேப்பாங்க. தெரியாதுன்னு சொன்னா, நீங்களே போட்டதுன்னு எழுதிக்குவாங்க. உங்க இருபது வருஷம் போயிடும்.”

டீச்சர் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தார். கடவுளே, அந்த அம்மாள் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு வரத்தான் தயாராகிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அந்த மனிதர் அப்போது சும்மா இருந்திருந்தாலே போதும்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு” என்றார் அவர். “என் பேரைச் சொன்னா என் உரிமத்தையும் நோண்டுவாங்க. என் பயிற்சியில அந்த நாப்பது மணி நேரம் இருக்கே, கம்ப்யூட்டர்ல பண்ணது, அதையும் நோண்டுவாங்க. அதை யார் உக்காந்து முடிச்சாங்கன்னு வெளியில வந்தா உனக்கும்தான் அசிங்கம்.”

எனக்கு முதலில் புரியவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. சாருக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் தலைவலி வருமாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் சமையலை முடித்துவிட்டு, இவர் பெயரில் பாடம் கேட்டு, இவர் பெயரில் தேர்வு எழுதி, அந்த நாற்பது மணி நேரத்தையும் முடித்துக் கொடுத்தது டீச்சர்தான்.

“அட நாசமாப்போறவரே!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி அந்த ஆளை ‘சார்’ என்று எழுத எனக்குக் கை வராது.

டீச்சர் எழுந்து நின்றார். உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். துணைக்கு ஒருவர் வரலாம் என்றதால் அக்காவும் கூடப் போனாள். நான் பெஞ்சின் இந்தக் கோடிக்கு நகர்ந்துகொண்டேன், அந்த ஆள் அந்தக் கோடியில்.

உள்ளே நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். படிவத்தைக் காட்டி, இது யாரோட ஒப்பம் என்று கேட்டார்களாம்.

“என் வீட்டுக்காரரோடது” என்றாராம் டீச்சர். கடிதத்தையும் பக்கத்தில் வைத்தாராம். முகாம் பதிவேட்டை வரவழைத்துப் பாருங்கள் என்று அக்கா சொல்ல, நடுவில் இருந்த தலைவி போன் செய்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்து, சரி என்று தலையாட்டினாராம். ஃபைலை மூடப்போன நேரத்தில்தான் டீச்சர் “இன்னொண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்து, அந்த நாற்பது மணி நேரத்தையும் சொல்லிவிட்டார்.

“இதை நாங்க கேக்கவே இல்லையேம்மா” என்றாராம் தலைவி.

“தெரியும் மேடம். இப்ப சொல்லாம விட்டா, ஆயுசுக்கும் இது ஒருத்தர் கையில பிடியா இருக்கும்.”

நாலரை மணிக்குக் கதவு திறந்தது. டீச்சர் வெளியே வந்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கெமிஸ்ட்ரி வேகமாக எழுந்து எதிரே போனார்.

“என்ன சொன்னாங்க?”

“ரத்து இல்ல. பொய் சொன்னேன்கிற புகார் தள்ளுபடி. உங்க பயிற்சியை நான் பண்ணதுக்கு ஆறு மாசம் நிறுத்தி வச்சிருக்காங்க.”

“அப்ப அந்த போஸ்டிங்?”

“போயிடுச்சு.”

ஒரு நொடிதான். அந்த ஆளின் தோள் இறங்கியது, அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது, முகம் அப்படியே தெளிந்தது. நிம்மதி! பெண்டாட்டி எங்கேயும் போகமாட்டாள் என்கிற நிம்மதி. உடனே மறைத்துக்கொண்டுவிட்டார், ஆனால் நான் பார்த்தேன், அக்கா பார்த்தாள், டீச்சரும் பார்த்துவிட்டார். கடிதத்தையும் தாங்கி, படிவத்தையும் தாங்கி, அந்த மிரட்டலையும் தாங்கியவருக்கு அப்போதுதான் உதடு துடித்தது.

“சரி விடு, நடந்தது நடந்துபோச்சு” என்றார் கெமிஸ்ட்ரி, குரலில் தேன் ஒழுக. “வீட்டுக்குப் போய் நிதானமா பேசிக்கலாம், வா.”

“வெள்ளிக்கிழமை உங்களுக்கு விசாரணை” என்றார் டீச்சர். “நோட்டீஸ் வீட்டுக்கு வரும். நீங்களே இருந்து வாங்கிக்கங்க. வாங்கி வைக்க அங்க நான் இருக்க மாட்டேன்.”

அவர் படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தார். அக்கா அவர் பின்னாலேயே போனாள். நான் கார் சாவியைத் தேடிக்கொண்டே ஓடினேன்.